எம்ஜிபியைக் கீழே இறக்குவதற்கு முன்னால் செய்த வேலைகள்

ரப்பர் பம்பர் வைத்த எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால், இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருக்கும் யாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அதைக் கீழே இறக்கு." காரின் உயரத்தைக் குறை என்று பொருள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னது சரிதான். ஆனால் இறக்குவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை என்பதை அவர்களில் மிகச் சிலரே சொன்னார்கள். என் 1975 ரோட்ஸ்டரில் (கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார்) படிப்படியாக வேலை செய்து பார்த்தபின் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கார் நன்றாக ஓடத் தொடங்கியதில் பெரும்பங்கு புஷ்களுக்கும் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறைகள்) ஷாக் அப்சார்பர்களுக்கும்தான். உயரம் குறைத்தது அதற்கு மேல் கிடைத்த லாபம்.

இந்தக் கார் ஏன் இவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. எம்ஜிபி 1962-இல் ஆபிங்டன் தொழிற்சாலையில் தாழ்வான, லேசான காராகத்தான் பிறந்தது. எழுபதுகளில் அமெரிக்கா பம்பர்களுக்குப் பாதுகாப்பு விதிகள் கொண்டுவந்தது. மெதுவான மோதலை பம்பர் தாங்க வேண்டும், அதுவும் தரையிலிருந்து குறிப்பிட்ட உயரத்தில் இருக்க வேண்டும். எம்ஜிபி அதிகம் விற்ற நாடே அமெரிக்காதான், அந்தச் சந்தையை விட முடியாது. காரைப் புதிதாக வடிவமைக்கப் பணமும் இல்லை. அதனால் 1974 இலையுதிர் காலத்தில் எம்ஜியின் உரிமை நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கனமான கறுப்பு ரப்பர் பம்பரைப் பொருத்தியது, சஸ்பென்ஷனையும் ஓர் அங்குலமோ அதற்குச் சற்று மேலோ உயர்த்தியது. அதே சமயத்தில் ரோட்ஸ்டரின் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். காரை உயரமாக்கிவிட்டு, அது சாய்வதைத் தடுக்கும் தண்டையும் கழற்றினால் என்ன ஆகும்? வளைவுகளில் படகு போலச் சாயும் காராகிவிட்டது. 1977 மாடலில் முன்னும் பின்னும் ஆன்டி ரோல் பார் வந்தது. உயரம் மட்டும் 1980-இல் ஆபிங்டன் மூடப்படும்வரை குறையவே இல்லை.

ஆகவே என் காரை இறக்குவதை அலங்காரமாக நான் நினைக்கவில்லை. அதை வடிவமைத்த பொறியாளர்கள் கொடுத்து, பின்னால் வந்த கட்டாயம் பறித்துக்கொண்ட ஒன்றைத் திருப்பித் தருவதாகவே நினைத்தேன். இது எவ்வளவு இறக்குவது என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறது: குரோம் பம்பர் காலத்து உயரம்வரை. அதற்குக் கீழே போக எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

வாங்கியபோது என் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. முந்தைய உரிமையாளர் பின்பக்கத்தில் மட்டும் லோவரிங் பிளாக் (ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் கட்டை) வைத்து இறக்கியிருந்தார். பின்னால் இறக்குவது சுலபம், முன்னால் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். அதனால் பாதி வேலையோடு நின்றுவிட்ட கார்கள் நிறைய இருக்கின்றன. பார்வைக்கு மட்டுமல்ல, ஓட்டத்திலும் இதனால் கெடுதல் உண்டு. எம்ஜிபியின் காஸ்டர் கோணமே (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) 7 டிகிரி, அதுவே அதிகம். சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 91 அங்குலம். பின்பக்கம் மட்டும் ஓர் அங்குலம் இறங்கினால் காஸ்டர் இன்னும் அரை டிகிரிக்கு மேல் கூடும். நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், பக்கவாட்டுக் காற்றில் முன்பக்கம் அலையும்.

முதலில் ஸ்பேனரைத் தொடாமல் அளவெடுத்தேன். சமதளத்தில் கார், டயரில் சரியான காற்று, டாங்க் பாதிக்கு மேல் பெட்ரோல். சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதி வைத்தேன். சக்கர மையத்திலிருந்து அளப்பதால் டயர் தேய்மானம் கணக்கில் வராது. ஆனால் இந்த வயதுக் காரில் மட்கார்டுகளை எப்போதோ மாற்றிப் பற்றவைத்திருப்பார்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் சேசிஸ் தண்டிலிருந்து தரைக்கும் ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். என் காரில் ஓட்டுநர் பக்கம் தாழ்ந்து தெரிந்தது. சேசிஸ் அளவை எடுத்த பிறகுதான் அதில் பாதி மட்கார்டின் வித்தியாசம் என்று புரிந்தது. மீதி, பின்பக்கத்தில் களைத்துப்போன லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங். ஓட்டுநர் பெரும்பாலும் தனியாகவே ஓட்டும் இரண்டு இருக்கைக் காரில் அந்தப் பக்கத்துப் பட்டைகள்தான் முதலில் தளரும்.

டயரையும் இப்போதே பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். பழைய கார்கள் குறைவாக ஓடுவதால் டயர் தேய்வதே இல்லை, ரப்பர் மட்டும் இறுகிப் போகிறது. பட்டனில் ஆழம் நிறைய இருக்கும், பிடிமானம் இருக்காது. அப்படிப்பட்ட டயரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் மாற்றினால், மாற்றம் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ளவே முடியாது.

அடுத்தது கிங்பின், முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சுத்தண்டு. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைக் காருக்குள் உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் குறை வீல் பேரிங்கில் இருக்கிறது. அப்போதும் ஆடினால் கிங்பின் அல்லது அதன் கீழ்மூட்டு. ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள் உண்டு. சக்கரம் தரையில் இல்லாமல் தொங்கும்போது கிரீஸ் அடித்தால்தான் எடை தாங்கும் முகங்களுக்கிடையில் அது இறங்கும். இந்தக் காரை எத்தனையோ பேர் வைத்திருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் கிரீஸ் அடிக்காமல் விட்டிருந்தாலும் கிங்பின் தேய்ந்திருக்கும். தேய்ந்த கிங்பின்மேல் விலையுயர்ந்த ஸ்பிரிங் வைப்பது வீண்செலவு.

புஷ்களுக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு மிகப் பெரிய மாற்றம் கிடைத்தது. எம்ஜிபியின் கீழ் விஷ்போன்கள் (முன்சக்கரத்தைத் தாங்கும் கைகள்) கிராஸ்மெம்பரோடு (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) சேரும் இடத்தில் சாதாரண ரப்பர் புஷ்கள் இருக்கும். எண்ணெயும் காலமும் சேர்ந்து அவற்றைப் பிதுக்கிவிடும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் புஷ் போய்விட்டது என்று பொருள். பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுப்பதும், ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் கொஞ்சம் தாமதித்துத் திரும்புவதும் பெரும்பாலும் இதனால்தான்.

மாற்றுவதற்கு வழிகள் பல. பாலியூரித்தேன் புஷ் இருக்கிறது, பல நிறங்களில், பல கடினங்களில். நான் தேர்ந்தெடுத்தது எம்ஜிபி ஜிடி வி8 காரில் வந்த புஷ். 1973 முதல் 1976 வரை ரோவரின் வி8 எஞ்சினோடு வந்த அந்தக் காருக்குத் தொழிற்சாலையே கொடுத்த புஷ் அது. நடுவில் இரும்புக் குழலும் அதைச் சுற்றி ரப்பருமாக ஒரே துண்டாக இருக்கும். சாதாரண எம்ஜிபியின் விஷ்போனிலும் அப்படியே உட்காரும். பாலியூரித்தேன் அளவுக்கு இறுக்கம் கிடையாது, ஆனால் சாலையின் சின்ன அதிர்வுகளை உடம்புக்கு அனுப்பாது. கிராமத்துச் சாலைகளில் ஓட்டும் காருக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை.

இவற்றைப் பொருத்தும்போது ஒரு விஷயம் முக்கியம். நடுக்குழல் உள்ள ரப்பர் புஷ்ஷின் நட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், கார் தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கிழியும், காரின் உயரமும் தவறாகத் தெரியும். கையால் திருகிவிட்டு, கார் தன் எடையில் சக்கரத்தின்மேல் நின்றபிறகு இறுக்குங்கள். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் புஷ்களையும் நான் இப்படித்தான் இறுக்கினேன். அங்கே ரப்பரையே வைத்தேன். கார் சாயும்போது பட்டை கொஞ்சம் முறுக வேண்டும், கடினமான புஷ் அதை விடாது.

எம்ஜிபியின் ஷாக் அப்சார்பர் இன்றைய குழாய் வடிவம் அல்ல. ஆம்ஸ்ட்ராங் லீவர் வகை. உலோகப் பெட்டிக்குள் எண்ணெயும் பிஸ்டனும், வெளியே ஒரு கை. முன்பக்கத்தில் அந்தக் கையே மேல் விஷ்போனாகவும் வேலை செய்கிறது, மிகச் சிக்கனமான வடிவமைப்பு. அதனால் அதன் தண்டில் ஆட்டம் வந்தால் ஷாக் மட்டும் கெடாது, சக்கரத்தின் கோணமும் மாறும். பெட்டியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, கையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் அசைகிறதா என்று பாருங்கள். காரின் மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும்.

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் போதும் என்று ஒரு யோசனை பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தேய்ந்த தண்டும் களைத்த வால்வும் அப்படியேதான் இருக்கும், குளிர்காலக் காலையில் கார் மரக்கட்டையாக நடக்கும், எண்ணெய் சூடானதும் பழைய நிலைக்கு வந்துவிடும். டெலஸ்கோப்பிக் ஷாக்குக்கு மாற்றும் கிட்டுகளும் கிடைக்கின்றன. பின்பக்கத்துக்கு அவை நியாயமான தேர்வு. முன்பக்கத்துக் கிட்டுகளில் பெரும்பாலும் பழைய லீவர் பெட்டி மேல் விஷ்போனாக அங்கேயே இருக்கும், தேய்ந்த தண்டோடு. நல்ல முறையில் புதுப்பித்த லீவர் ஷாக்குகளைத்தான் நான் நான்கு மூலையிலும் போட்டேன். தண்டுக்குப் புது புஷ் போட்டுத் திருப்பித் தருகிறார்களா, எண்ணெயும் சீலும் மட்டும் மாற்றுகிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். விலை வித்தியாசத்தின் காரணம் அதுதான்.

இத்தனையும் முடித்தபின் ஸ்பிரிங்கைத் தொடாமல் ஒரு கோடைகாலம் முழுக்க ஓட்டினேன். ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரின் சின்னச் சாலைகள், ஆபிங்டனுக்கு ஒரு பயணம். தொழிற்சாலை இருந்த ஊரில் எம்ஜி கார் கிளப்பின் அலுவலகம் கிம்பர் ஹவுஸ் இன்னும் இயங்குகிறது. எம்ஜி வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது போய்வர வேண்டிய இடம். உயரம் மாறாமலேயே கார் வேறு காராகியிருந்தது. ஸ்டீயரிங் சொன்னதும் கேட்டது, பள்ளத்தில் விழுந்து எழுந்தபின் ஆட்டம் தொடரவில்லை. வளைவில் சாய்வது மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டால்தான் எது எதைச் சரிசெய்தது என்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் மாற்றும் கிட் வாங்குபவர்களுக்கு அந்த அறிவு கிடைப்பதில்லை.

சரி, இப்போது முன் ஸ்பிரிங். கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இது, ஏனென்றால் அழுத்தி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். கார் சேசிஸ் தண்டுகளின் கீழ் உறுதியான ஸ்டாண்டுகளில் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிப்பரை எடுத்துக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் அதன் எடை விழக் கூடாது. ஸ்பிரிங் உட்காரும் தட்டின் கீழே ஜாக்கி கொடுத்து எடையைத் தாங்கியபின், மேல்மூட்டின் போல்ட்டைக் கழற்றி ஹப்பை வெளியே சாய்க்க வேண்டும். அப்புறம் ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தன் நீளத்துக்கு விரிந்து தளரும். ஸ்பிரிங்குக்குள் ஒரு சங்கிலியை விட்டு கிராஸ்மெம்பரோடு கட்டிவிட்டேன், ஜாக்கி நழுவினாலும் ஸ்பிரிங் பறக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மெக்கானிக், அவர் கூடவே நின்றார். இந்த வேலையைத் தனியாளாகச் செய்யாதீர்கள்.

ஸ்பிரிங்கை வெட்டி உயரம் குறைக்கும் பழக்கம் இங்கும் உண்டு. வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் கூடுதல் இறுக்கமாகும், முனை சரியாக உட்காராது. இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் நிற்பது விஷ்போனின் ஏறக்குறைய நடுவில். அதனால் ஸ்பிரிங் அரை அங்குலம் குட்டையானால் கார் ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கும். இது தெரியாமல் வெட்டியவர்களின் கார்கள்தான் வயிறு தரையில் உரசப் போகின்றன. ரப்பர் பம்பர் காரை ஓர் அங்குலம் இறக்குவதற்கென்றே செய்த ஸ்பிரிங் விற்பனைக்கு இருக்கிறது, அதை வாங்கினேன். குரோம் பம்பர் காரின் கிராஸ்மெம்பரையே மாற்றிப் போடுவதுதான் முழுச் சரியான வழி என்பார்கள். ஆனால் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக் கிராஸ்மெம்பரில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதை மாற்றினால் ஸ்டீயரிங் தண்டுவரை வேலை நீளும். தெருவில் ஓட்டும் காருக்கு ஸ்பிரிங் போதும்.

பின்பக்கத்தில் பழைய பிளாக்கை எடுத்துவிட்டு, குறைந்த வளைவோடு செய்த புது லீஃப் ஸ்பிரிங்குகளைப் போட்டேன். களைத்த பட்டையின்மேல் பிளாக் வைத்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற கணக்கே தெரியாது. பட்டைகள் நல்ல நிலையில் இருந்தால் ஓர் அங்குல பிளாக்கில் தவறில்லை, செலவும் குறைவு. அதற்கேற்ற நீளமான யூ-போல்ட் வேண்டும், பிளாக்கின் முளை ஆக்சிலின் துளையில் சரியாக உட்கார வேண்டும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் வைக்கவே கூடாது. எப்படி இறக்கினாலும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று பாருங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து, பெட்டியும் ஏற்றி வளைவில் போகும்போது ஆக்சில் அந்த ரப்பரில் இடித்தால், அந்தக் கணத்தில் பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாததுபோல் இறுகி, சக்கரம் சறுக்கும். ஈரச் சாலையில் இது ஆபத்து.

ஆன்டி ரோல் பார் விஷயத்தில் தடிமன்தான் எல்லாமே. முறுக்கத்தை எதிர்க்கும் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 5/8 அங்குலத் தண்டுக்குப் பதில் 3/4 அங்குலத் தண்டு போட்டால் பலம் இரண்டு மடங்காகிவிடும், கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முன்னால் மட்டும் மிகத் தடிமனான தண்டு போட்டால் கார் வளைவில் திரும்ப மறுக்கும், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கத்தையும் உலுக்கும். நான் குரோம் பம்பர் காலத்து ரோட்ஸ்டரில் இருந்த அளவையே முன்பக்கத்தில் போட்டேன். பின்னால் ஒன்றும் போடவில்லை. உயரம் குறைந்ததும் இந்தத் தண்டும் சேர்ந்து, சாய்வு எனக்குப் போதுமான அளவுக்கு அடங்கிவிட்டது.

இன்னும் இறக்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கீழ் விஷ்போன்களைப் பாருங்கள் என்று சொல்வேன். கார் நிற்கும்போது அவை ஏறக்குறைய கிடையாக இருக்க வேண்டும். கார் மேலும் இறங்கினால் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும். அப்போது உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கியதைவிட வேகமாகக் கீழே போய்விடும். எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம் கூடும், அதாவது தாழ்வான கார் முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போடுவார்கள், பிறகு கரடுமுரடான சாலையில் டயர் தரையைத் தொடாமல் துள்ளும். பிரிட்டனில் வேகத்தடையை 100 மில்லிமீட்டர் உயரம்வரை போட விதி அனுமதிக்கிறது. எம்ஜிபியில் தரைக்கு மிக அருகில் இருப்பது சைலன்சர் குழாய். ஓர் அங்குலம் இறக்கிய என் கார் வேகத்தடையை மெதுவாக, நேராக ஏறினால் உரசாமல் தாண்டுகிறது.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினால் முன்சக்கரங்களின் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் அவை உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். எம்ஜிபிக்குச் சொல்லப்பட்ட டோ-இன் 1/16 முதல் 3/32 அங்குலம். ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் போன ஒரு கடையில் இயந்திரத்தில் இந்தக் காரின் அளவே இல்லை, வேறு காரின் அளவை வைத்துச் சரிசெய்யப் பார்த்தார்கள். சொந்தமாக எண்களை எழுதிக்கொண்டு போனது உதவியது. ஹெட்லைட் ஒளி விழும் இடத்தையும் சரிபாருங்கள். நாற்பது ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு இங்கே எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு நம்முடையதுதான். நான் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொடுக்கிறேன், நம் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இந்த மாற்றங்களை எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகும்.

கொஞ்ச தூரம் ஓட்டியபின் யூ-போல்ட் நட்டுகளையும் விஷ்போன் நட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும், புது ஸ்பிரிங் படிந்ததும் அவை தளரும். உயரத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். என் காரில் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கி, பின்பக்கத்தோடு சமமானது. அடுத்து செய்ய நினைப்பது முன்சக்கரங்களுக்குச் சிறிதளவு நெகட்டிவ் கேம்பர் கொடுப்பது, அதாவது அவற்றின் மேல்பகுதியை உள்நோக்கிச் சாய்ப்பது. எம்ஜிபியில் கேம்பரைத் திருகி மாற்ற வழியில்லை, மேல்மூட்டில் மையம் விலகிய புஷ் போடலாம் அல்லது கொஞ்சம் நீளமான கீழ் விஷ்போன் வாங்கலாம். டயரின் வெளி விளிம்பும் உள் விளிம்பும் எப்படித் தேய்கின்றன என்று குளிர்காலம் முடியும்வரை பார்த்துவிட்டு முடிவெடுப்பேன்.